இன்டிசைனில் கைடு கோடு எதுவும் தெரியமாட்டேங்குது. தெரிய வெச்சா பிரிண்ட்டில் விழுந்துடுமா?

விழாதுங்க. கைடுங்கறது, இன்டிசைன் மாதிரி பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்ல எழுத்தையும் படத்தையும் வரிசையா வைக்க ஸ்கிரீன்ல போடற துணைக்கோடுதான். தைரியமா போட்டு வேலை செய்யுங்க.

ஏதோ பிரஸ்ஸில் புதுசா டிடிபி (கம்ப்யூட்டர்ல பக்கம் வடிவமைக்கிற) வேலைக்குச் சேர்ந்திருப்பீங்க, "கோட்டை எடுத்துடு, பிளேட்ல வந்துடும்"னு (பிளேட்டுன்னா அச்சடிக்கிற தகடு) யாராவது மிரட்டியிருப்பாங்க. ஈரோட்டுல நானும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சவன்.

முதல்ல டபிள்யூ கீயைத் தட்டுங்க. பிரிவியூல இருந்தா எந்தக் கோடும் தெரியாது. (டைப் டூல் எழுத்துக்குள்ள நிக்கும்போது தட்டினா அந்த எழுத்துதான் விழும்.) அப்பவும் வரலைன்னா கன்ட்ரோலோட செமிகோலன். பிரிண்ட் பாக்ஸ்ல "பிரிண்ட் விசிபிள் கைட்ஸ் அண்ட் பேஸ்லைன் கிரிட்ஸ்"னு ஒரு டிக் இருக்கும், பிடிஎஃப் எக்ஸ்போர்ட்லயும் அதே மாதிரி ஒண்ணு. அதை நீங்களா போட்டாத்தான் கோடு விழும். இன்டிசைன் இல்லாம கோரல் டிரா சாஃப்ட்வேரா இருந்தா, கைட்ஸ் லேயர்ல பிரிண்டர் படம் ஆன் ஆயிருக்கான்னு பாத்துக்கணும். அங்க யாரோ பட்ட அடிதான் இங்க வரைக்கும் பயமுறுத்துதுன்னு நினைக்கிறேன்.

தாராபுரத்துப் பக்கமிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகையோட வந்தாங்க. வேற எங்கயோ கைடே இல்லாம கண்ணளவுல செஞ்சது. நம்ம ஊர்ப் பத்திரிகை தெரியுமே, மேல குலதெய்வம், கீழ தாய்மாமன், பங்காளின்னு பேர் வரிசை ஓரம் வரைக்கும் போயிடும். கட்டிங் மிஷின்ல கட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கு. அப்பாரு பேரோட கடைசி 'ன்' பாதியில அறுந்து நிக்குது. பொண்ணோட அம்மா அந்த இடத்தை விரலால தடவிட்டே நின்னாங்க. வெளிய 3 மி.மீ. பிளீடு (வெட்டற கோட்டைத் தாண்டி விடற கூடுதல் இடம்), உள்ள 5 மி.மீ. மார்ஜின், மடிப்புக்குத் தனியா ஒரு கைடுன்னு போட்டு, எந்தப் பேரும் அதைத் தொடாம மறுபடி செஞ்சேன். பிரஸ்ல கோட்டை எடுக்கச் சொன்னாங்க, எடுக்கலை. பிளேட் சுத்தமா வந்துச்சு.

"அனுபவம் இருந்தா கண்ணே போதும்"னு சில பெரியவங்க சொல்லுவாங்க. அவங்க திறமையை நான் குறைச்சுப் பேசலைங்க. இன்டிசைனுக்கு முன்னாடி இருந்த பேஜ்மேக்கர்லயும் கைடு இருந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்.

வயித்தெரிச்சல் வேற இடத்துல. புரூஃப்ல கையெழுத்துப் போட்டுட்டு, ராத்திரி வாட்ஸ்அப்புல "இன்னொரு மாமன் பேர் விட்டுப்போச்சு"ங்கறாங்க. மறுபடி மொத்த வரிசையும் நகரணும். பேப்பருக்குக் காசு, மைக்குக் காசு, டிசைன் மட்டும் இலவசம்னு பிரஸ்காரங்களே போர்டு வெச்சுப் பழக்கிட்டாங்க. நீங்களாவது பில்லுல டிடிபி கூலின்னு தனியா ஒரு வரி போடச் சொல்லுங்க. நான் போடறேன்.