எஃப் வரும்போது மூச்சு வாங்கும் பாட்டு

கேள்வி: எனக்கு வயது 39. தூத்துக்குடியில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் யூடியூப் பார்த்து கிடார் பழக ஆரம்பித்தேன். 2021 முதல் நானே பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, இரவில் படுக்கையறையில் உட்கார்ந்து ஃபோனில் பதிவு செய்கிறேன். இதுவரை 14 பாட்டு. மனைவியும் அலுவலக நண்பர்களும் ‘சூப்பர்’ என்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மட்டும் ‘எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்குப்பா’ என்றாள். போன வாரம் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது சரிதான். பழைய பதிவுகளைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அழித்துவிடலாமா? 18,000 ரூபாயில் ஒரு கன்டென்சர் மைக் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கினால் தரம் கூடுமா? இல்லை, எனக்கு இதற்கு மேல் வளர்ச்சியே கிடையாதா? மூன்று பாட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதில் கப்பல் சங்கு புகுந்துவிட்டது. அதை நீக்க வழி உண்டா? இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: 14 பாட்டில் 11 பாட்டு ஜி, ஈ மைனர், சி, டி என்ற அதே நான்கு கார்டுகளில்தான் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கிடார் பிடிகள்) போகிறது.
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: முதலில் மகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மூன்று பாட்டையும் நான் மூன்று நாளாகக் கேட்டுக் கண்டுபிடித்ததில் பாதியை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

அழிக்காதீர்கள். இதில் எனக்குச் சொந்த வயிற்றெரிச்சல் உண்டு. தொண்ணூறுகளில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது, நானும் டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) முன்னால் உட்கார்ந்து சொந்த மெட்டுகளைப் பதிவு செய்வேன். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. நான் உடைக்கவில்லை. வீட்டில் ஒருவர் அதன் மேல் சினிமாப் பாட்டைப் பிடித்துவிட்டார். அந்த மெட்டுகள் நன்றாக இருந்தனவா, குப்பையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை குப்பையாகவே இருந்திருக்கலாம். ஆனால் எந்த அளவுக்குக் குப்பை என்று தெரிந்துகொள்ளக்கூட வழியில்லாமல் போனதே, அதுதான் வருத்தம்.

வளர்ச்சி இருக்கிறதா என்ற கேள்விக்கு உங்களிடமே சோதனை இருக்கிறது. 2021இல் பதிந்த முதல் பாட்டை அதே ஃபோனில், அதே அறையில், அதே இடத்தில் உட்கார்ந்து இன்றைக்கு மறுபடி வாசித்துப் பதியுங்கள். வரியை மாற்ற வேண்டாம், மெட்டைத் திருத்த வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நீங்கள் அனுப்பியதை வைத்தே என்னால் சொல்ல முடியும்: முதல் பாட்டில் சி கார்டிலிருந்து ஜி கார்டுக்குப் போகும்போது ஒரு இடைவெளி விழுகிறது, விரல் கம்பியைத் தேடுவது காதில் கேட்கிறது. மூன்றாவது பாட்டில் அது இல்லை. வேறொன்று இருக்கிறது.

எஃப் வரும்போதெல்லாம் உங்கள் பாட்டு மூச்சு வாங்குகிறது.

மூன்றாவது பாட்டைப் போட்டுக்கொண்டு தொடையில் தாளம் தட்டிப் பாருங்கள். எஃப் வருவதற்கு ஒரு தட்டு முன்னாலிருந்தே வேகம் குறைய ஆரம்பிக்கிறது. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டிய கார்டு அது. உங்கள் கை அதற்குப் பயந்து முன்கூட்டியே தயாராகிறது. கையோடு சேர்ந்து கால் தட்டுவதும் மெதுவாகிவிடுவதால் உங்களுக்கு அது தெரிவதில்லை. ஹெட்போனில் சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் கிளிக் சத்தத்தைப் போட்டுக்கொண்டு, நிமிடத்துக்கு 60 என்ற வேகத்தில் சி, எஃப் இரண்டை மட்டும் தினமும் பத்து நிமிடம் மாற்றி மாற்றி வாசியுங்கள். கிளிக் உங்களுக்காகக் காத்திருக்காது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

அதுவரை பாட்டு நிற்க வேண்டியதில்லை. ஐந்தாவது ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டு) கேப்போவை, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பை மாட்டி, ஜி, சி, டி, ஈ மைனர் என்று உங்களுக்குப் பழகிய பிடிகளையே பிடியுங்கள். வருவது சி, எஃப், ஜி, ஏ மைனர். எஃப் அங்கே சி பிடியிலேயே கிடைத்துவிடும். இது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது மகள் சொன்ன விஷயம். பதினான்கில் பதினொரு பாட்டு ஜி, ஈ மைனர், சி, டி என்றே போகிறது என்று கடிதத்தின் கடைசியில் ஒரு குற்றவாளி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது குற்றமே இல்லை. அந்த நான்கு கார்டுகளை வைத்துக்கொண்டு உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பாட்டுகளைச் செய்துவிட்டார்கள். உங்கள் சிக்கல் வேறு. மூன்று பாட்டிலும் கார்டு மாறுவது முதல் தட்டில், பாடும் வரி தொடங்குவதும் அதே முதல் தட்டில். வரிக்கு வரி இப்படியே. கேட்பவர் காது மூன்றாவது வரியிலேயே அடுத்தது எங்கே விழும் என்று கண்டுபிடித்துவிடுகிறது. நம் கச்சேரி மரபில் இதற்கு எடுப்பு என்று பெயர். தாளம் தொடங்கும் இடத்திலேயே பாட்டும் தொடங்கினால் சமம், தாளம் தொடங்கிய பிறகு கொஞ்சம் தள்ளித் தொடங்கினால் அனாகதம். கிடாரில் கார்டு விழட்டும், அரைத் தட்டு சும்மா இருங்கள், அப்புறம் பாடுங்கள். இரண்டாவது பாட்டின் பல்லவியை நான் அப்படிப் பாடிப் பார்த்தேன். அதே கார்டு, அதே மெட்டு, ஆனால் வேறு ஆள் எழுதிய பாட்டு மாதிரி இருந்தது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: நீங்கள் தொண்டையால் பாட்டுப் போடவில்லை, கையால் போடுகிறீர்கள். கிடாரை மடியில் வைத்து, கைக்குத் தெரிந்த பிடியைப் பிடித்து, அதன் மேல் ஏதாவது முனகி, அதற்கு வார்த்தை தேடுகிறீர்கள். கை போகும் பாதையில்தான் குரலும் போகிறது. இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன் ஜி.கே. வெங்கடேஷ் என்ற இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்தவர், ஒலிப்பதிவுகளில் கிடார் வாசித்தவர். அப்படிப்பட்டவர் எந்தக் கருவியையும் தொடாமல் நேராகத் தாளில் ஸ்வரக்குறிப்பு எழுதுவார் என்பது ஊரறிந்த விஷயம். நமக்கு அது கைகூடாது, சரி. ஆனால் பைக்கில் அலுவலகம் போகும்போது ஹெல்மெட்டுக்குள் பாடலாம் அல்லவா? கிடார் இல்லாமல் மெட்டுப் போடுங்கள். வண்டியை நிறுத்தியதும் ஃபோனில் முனகிப் பதிந்துவையுங்கள். கார்டு தேடுவதை இரண்டு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். உங்களுக்குப் பிடிக்கத் தெரியாத ஒரு கார்டை அந்த மெட்டு கேட்டால், அன்றைக்குப் புதிதாக ஒன்று கற்றுக்கொள்வீர்கள்.

இதில் இன்னொரு லாபம் சுருதி. நீங்கள் பெரும்பாலான பாட்டுகளை ஜியில் வைத்திருப்பது அது கிடாருக்கு வசதி என்பதால்தான். சுருதியைக் கட்டையில் சொல்லும் நம் கணக்கில் அது 5 கட்டை. கச்சேரியில் பாடும் ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் இருப்பார்கள். 5 கட்டை பெண் குரல்களுக்கு வழக்கமான இடம். அதனால்தான் உங்கள் பல்லவி கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, சரணத்தில் மேலே ஏறும்போது கழுத்து நரம்பு புடைப்பது எனக்கு இங்கே தெரிகிறது. கிடார் இல்லாமல் பாடினால் தொண்டை தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். பதிந்ததைப் போட்டுக் கேட்டு, எந்த ஸ்வரத்தில் நிற்கிறீர்கள் என்று ட்யூனர் ஆப்பில் பாருங்கள். சி பிடிகளையே வைத்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் ஒன்றரைக் கட்டை, இரண்டாவதில் மாட்டினால் 2 கட்டை. உங்கள் குரல் அந்த வட்டாரத்தில்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

வரிகளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் உங்களிடம் நல்ல வரிகள் இருக்கின்றன. உப்பளத்தில் விடிகாலை வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிய முதல் பாட்டை, பதிவு சுமாராக இருந்தும், கடைசிவரை கேட்டேன். ஆனால் மூன்றாவது பாட்டில் ‘என்னை விடு, அலையே’ என்று ஒரு வரி. அந்த ‘வி’யை நான்கு தட்டுக்கு இழுக்கிறீர்கள். கேட்பவர் காதில் விழுவது ‘என்னை வீடு, அலையே’. நான் இரண்டு முறை ‘வீடு’ என்றே புரிந்துகொண்டு, அலைக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, பாட்டு எழுதும்போதுதான் அது உயிரோடு எழுந்துவந்து நம்மைப் பிடிக்கும். மலையை இழுத்தால் மாலை, படத்தை இழுத்தால் பாடம், கல்லை இழுத்தால் கால். சொல்லின் கடைசியில் குறிலை நீட்டினால் பெரும்பாலும் காது மன்னித்துவிடும். முதலெழுத்தில் நீட்டினால் சொல்லே மாறிவிடும். இழுக்க வேண்டிய இடத்தில் நெடிலாகப் பார்த்து வையுங்கள். ‘என்னைப் போக விடு’ என்று மாற்றி, நீளும் ஸ்வரத்தில் ‘போ’வை உட்காரவைத்துப் பாருங்கள், ‘விடு’ சட்டென்று விழட்டும்.

உச்சியில் எந்த உயிரெழுத்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஆ, ஓ இரண்டும் தொண்டையைத் திறக்கும். ஈ இறுக்கும். உங்கள் சரணத்தின் உச்சியில் ‘நீ’ என்று வருகிறது, காதலுக்கு வேறு வழியில்லைதான். கொஞ்சம் கீழே இறங்கி ‘நீ’ சொல்லக்கூடாதா?

மைக்குக்கு வருவோம். வாங்காதீர்கள். கன்டென்சர் மைக் மிகக் கூர்மையான காது. மின்விசிறி, பக்கத்து வீட்டு குக்கர், தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி என்று எல்லாவற்றையும் அக்கறையாகக் கொண்டுவந்து சேர்க்கும். அது வேலை செய்யப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரமும் வேண்டும். அப்படியானால் அதற்கென்று ஒரு ஆடியோ இன்டர்பேஸ், அதாவது மைக்கை ஃபோனோடோ கணினியோடோ இணைக்கும் பெட்டி, வாங்க வேண்டியிருக்கும். அது அந்த 18,000க்குள் அடங்குகிறதா என்று கடையில் கேட்டீர்களா? எதிரொலிக்கும் வெறும் சுவர் அறைக்கு, பின்னாளில் வாங்குவதாக இருந்தால், சுற்றுச் சத்தத்தை அவ்வளவாக எடுக்காத டைனமிக் மைக் பரவாயில்லை. இப்போதைக்குப் புதுக் கம்பி ஒரு செட், காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று போதும். கடற்கரை ஊரில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். உங்கள் கம்பிகள் எப்போது மாற்றியவை? மங்கலான சத்தத்துக்கு நீங்கள் ஃபோனைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு என்னவோ கம்பி மேல்தான் சந்தேகம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஃபோனை கிடாரின் வட்டத் துளைக்கு நேர் எதிரே வைக்காதீர்கள், அங்கே குடத்துக்குள் பேசுவது போல ‘பும்’ என்று வரும். 12ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே, ஒரு அடி தள்ளி வையுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவிட்டு அதைப் பார்த்து உட்கார்ந்து பாடினால் எதிரொலி பாதி அடங்கும். மின்விசிறியை அணையுங்கள். தூத்துக்குடி புழுக்கத்தில் மூன்று நிமிடம் பெரிய தவம்தான், தெரியும்.

வீட்டில் பதிவு செய்வதே இரண்டாந்தரம் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் தன் வீட்டுப் படுக்கையறையில் நான்கு டிராக் (தனித்தனியே பதியும் நான்கு தடம்) கேசட் கருவி ஒன்றில், தன் குழுவினருக்கு மெட்டைச் சொல்லிக் காட்டுவதற்காகச் சில பாட்டுகளைப் பதிந்துவைத்தார். பிறகு ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள், கேசட்டில் இருந்தது அங்கே வரவில்லை. கடைசியில் 1982இல் அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார்கள். நீங்கள் ஸ்பிரிங்ஸ்டீன் ஆகிவிடுவீர்கள் என்று சொல்லவில்லை. அவரிடம் இருந்தது நான்கு டிராக்தான், கையில் இருக்கும் ஃபோனில் இலவச ஆப் ஒன்றைப் போட்டால் உங்களுக்கு அதைவிட அதிகம் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நண்பர்களின் ‘சூப்பர்’ பற்றி: நீங்கள் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்கிறீர்கள், அவர்கள் வேறு என்னதான் சொல்வார்கள்? பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். மறுநாள் டீ குடிக்கும்போது, ‘நேத்து அந்தப் பாட்டுல எந்த வரி ஞாபகம் இருக்கு?’ என்று கேளுங்கள். யாராவது ஒரு வரியை முனகிக் காட்டினால் அந்த வரி பிழைத்துவிட்டது. யாருக்கும் எதுவும் நினைவில்லை என்றால் பல்லவியை மறுபடி எழுதுங்கள்.

கடைசியாக அந்தக் கப்பல் சங்கு. நீக்க முடியும். அந்த அதிர்வெண்ணை மட்டும் குறைக்கும் வசதி இலவச மென்பொருள்களிலேயே உண்டு, ஆனால் அதோடு உங்கள் கிடாரின் அடிக்கம்பிச் சத்தமும் கொஞ்சம் போய்விடும். நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இரண்டாவது சரணம் முடிந்து நீங்கள் மூச்சு எடுக்கும் இடத்தில்தான் அது ஊதுகிறது. அது ஊதி முடிக்கும்வரை, தெரிந்தோ தெரியாமலோ, பல்லவிக்குத் திரும்பாமல் நீங்கள் காத்திருக்கிறீர்கள். பதினான்கு பாட்டில் நீங்கள் முதல் தட்டில் தொடங்காத ஒரே இடம் ஒருவேளை அதுவாகத்தான் இருக்கும். அதை எடுக்காதீர்கள்.