வலையில் வந்த சுறா முட்டை தொட்டியில் பொரிக்குமா?

பாம்பனில் வலையோடு வந்த வரிக்குதிரைச் சுறா முட்டையைத் தொட்டியில் பொரிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே கரு உயிரோடிருந்தால் பொரிக்கும். உள்ளங்கையைவிடப் பெரிய பழுப்புத் தோல்பை அது. ஓரத்தில் நார்க்கற்றை இருக்கும், பாறையைப் பற்றிக்கொள்ள. இருட்டில் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் கரு நெளிவது தெரியும். சுத்தமான கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சூடு ஏறி இறங்கக் கூடாது. பொரிய நாலைந்து மாதம் ஆகும். அப்புறம் குட்டிக்கு நத்தை, சிப்பி என்று தீனி தேட வேண்டும். இந்தோனேசியாவின் ராஜா அம்பட்டில் இப்படிப் பொரித்த குட்டிகளை 2023 முதல் கடலில் விடுகிறார்கள். ஆனால் அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அருகிவரும் இனம் இது, வீட்டுத் தொட்டியில் சோதித்துப் பார்க்க வேண்டாம். முட்டை காயும் முன் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கரைக்கு வந்துவிட்டதா, ஈரம் குறையாமல் மண்டபத்திலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி மையத்தில் கேளுங்கள்.