வீசிங் உள்ள குழந்தையின் அறைக்கு எந்த ஃபால்ஸ் சீலிங்?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. மழைக்காலம் வந்தாலே வீசிங். மேல்மாடி வீடு, வெயில் நேரே தளத்தில் இறங்குவதால் அவள் படுக்கும் அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போடப் போகிறோம். வேலை செய்பவர் பிவிசி போதும் என்கிறார், என் கணவர் பிளைவுட் என்கிறார். எது நல்லது?

பதில்: போர்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒரு நாற்காலி போட்டு ஏறி அந்த அறையின் மேல் மூலைகளைப் பாருங்கள். மஞ்சள் கறையோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் தளத்தில் ஓதம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எதைப் போட்டு மூடினாலும் தளத்துக்கும் போர்டுக்கும் நடுவில் பூஞ்சை யார் கண்ணுக்கும் படாமல் வளரும், மழைக்கால வீசிங்கை அது இன்னும் கிளப்பிவிடும்.

சரி, பிளைவுட். புது அலமாரியைத் திறந்ததும் கண் எரியுமே, அதுதான் ஃபார்மால்டிஹைடு என்கிற வாயு. பிளைவுட், எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) இரண்டிலும் மரத்தை ஒட்டும் பசையிலிருந்து மாதக்கணக்கில் கசியும், சூடும் ஈரப்பதமும் ஏற ஏறக் கூடுதலாகக் கசியும். மே மாதம் மொட்டை மாடிக்கு அடியில், ஏசி போட்டுச் சாத்திய அறையில் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. மரம்தான் வேண்டும் என்றால் இந்த வாயு மிகக் குறைவாகக் கசியும் ஈ-0 தரம் கேட்டு வாங்குங்கள்.

பிவிசி தண்ணீருக்குத் தாங்கும், உண்மை. ஆனால் தீப்பிடித்தால் வரும் புகை மூச்சுக்குழாயை அரிக்கும், கழற்றினால் குப்பைதான். ஆஸ்பெஸ்டாஸ் பேச்சே வேண்டாம். பழைய ஷீட் இருந்தால் அதில் துளை போடவும் விடாதீர்கள்.

நான் ஜிப்சம் போர்டுதான் சொல்வேன். உள்ளே இருப்பது கால்சியம் சல்பேட், அதிலிருந்து வாடை பெரிதாக வராது. மேலே ஒட்டிய காகிதம் நனைந்தால் மட்டும் பூஞ்சை பிடிக்கும், அதனால்தான் முதலில் ஓதத்தைப் பாருங்கள் என்றேன். பெயின்ட் வாங்கும்போது தண்ணீரில் கலக்கும், விஓசி (ஆவியாகிக் காற்றில் கலக்கும் ரசாயனங்கள்) குறைந்த வகையாகக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. குளிர்ச்சிக்காகத்தான் இவ்வளவும் என்றால் மொட்டை மாடியில் ஒழுகலை அடைத்து வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்து ஒரு கோடையைக் கழித்துப் பாருங்கள், சீலிங்கே தேவைப்படாமல் போகலாம்.

போடுவதென்று முடிவானால், பட்டி தேய்க்கும் தூசியும் பெயின்ட் வாடையும் அடங்க இரண்டு மூன்று வாரம் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். அதுவரை அவள் பாட்டி வீட்டில் இருக்கட்டும், பையில் இன்ஹேலரை மறக்காமல் வைத்து அனுப்புங்கள்.