சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு: அது பூஞ்சை இல்லை

வணக்கம். கள்ளி மடல்களில் வெள்ளைப் பஞ்சு, பூஞ்சைக்கொல்லி அடித்தும் போகவில்லை, மொட்டுகளும் உதிர்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். ஒரு குச்சியால் பஞ்சை நசுக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாகக் கசிந்தால் அது கொச்சினீல் பூச்சி. பெண் பூச்சி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். மேலே இருப்பது அதன் மெழுகுப் போர்வை. தண்ணீர் அதில் ஒட்டாது, அதனால்தான் அடித்த மருந்தெல்லாம் வழிந்து போயிருக்கும்.

சாதாரண ஆள் இல்லை இது. சிவப்புச் சாயத்துக்காக 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது தரமான சாய இனம் இல்லை. சாயத்தைவிடக் கள்ளியை அழிப்பதில்தான் பேர் வாங்கியது!

பஞ்சு அடர்ந்த மடல்களைக் கணுவில் வெட்டி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். மற்றவற்றை மாலையில் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்து, வேகமான நீரால் கழுவுங்கள். இடுக்கியும் தடித்த கையுறையும் கட்டாயம்: பெரிய முள்ளைவிட அடியில் இருக்கும் சுணை முள்தான் படுத்தும். குத்திவிட்டால் தேய்க்காதீர்கள், ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுங்கள்.

குஞ்சுகள் காற்றில் பரவும். பக்கத்துக் கள்ளிகளையும் பாருங்கள். வெட்டுவாய் காயும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம். பத்து நாள் கழித்து மறுபடி ஒருமுறை தேய்க்க வேண்டியிருக்கும்.