தோட்டத்துக் காய்கறி நேரே வீட்டுக்கு: தூரத்தைவிட வண்டியின் பாரம் முக்கியம்

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் 60 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. தொண்டாமுத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் வாரம் ஒருமுறை காய்கறியை நேரடியாகக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். போக வர 50 கிலோமீட்டர். இடைத்தரகர் இல்லாததால் அவருக்கும் லாபம், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார்கள். உண்மைதானா? பக்கத்துக் குடியிருப்பில் இதேபோல் தொடங்கியது நான்கு மாதத்தில் நின்றுவிட்டது. எங்களுடையது நிலைக்க என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் பக்கத்து ஊர்க் காய் என்பதாலேயே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. டீசல் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

விவசாயியின் குட்டியானை லிட்டருக்கு 15 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டருக்கு 3.3 லிட்டர் ஆகும். உங்கள் 60 வீடும் வீட்டுக்கு 6 கிலோ வாங்கினால் மொத்தம் 360 கிலோ. ஒரு கிலோ காய்க்கு 9 மில்லி டீசல்தான். 20 வீடு மட்டும் வாங்கினால் 120 கிலோ. அதே வண்டி, அதே தூரம், கிலோவுக்கு 28 மில்லி. இப்போது நாசிக் வெங்காயத்தைப் பாருங்கள். சுமார் 1,400 கி.மீ. கடந்து கோவைக்கு வருகிறது. 15 டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கி.மீ. ஓடினால் 350 லிட்டர். கிலோவுக்கு 23 மில்லி. மண்டியிலிருந்து கடைக்கு வர இன்னும் கொஞ்சம் சேரும். அப்படியும், 20 வீட்டுக் காயை மட்டும் ஏற்றி வரும் குட்டியானை நாசிக் லாரியிடம் தோற்கக்கூடும். விடுமுறை நாளில் ஒரு குடும்பம் தனிக் காரில் தோட்டத்துக்கே போய் 6 கிலோ வாங்கி வந்தால் கிலோவுக்கு அரை லிட்டருக்கும் மேல் எரிபொருள் போய்விடும். இங்கிலாந்தில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது: இயற்கைக் காய்கறி வாங்கப் பண்ணைக் கடைக்குப் போக வர 6.7 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டினால், குளிர்கிடங்கில் வைத்து வேனில் வீடுவீடாகக் கொடுக்கும் பெரிய நிறுவனத்தின் முறையே குறைவாக மாசுபடுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. உணவால் உலகில் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 6 சதவீதம் அளவுதான் என்று 2018-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. உரம், பாசனம், கால்நடை, வீணாகும் உணவு ஆகியவற்றில்தான் பெரும்பங்கு இருக்கிறது. ஆகவே விவசாயியிடம் ஊர் எவ்வளவு தூரம் என்பதோடு நிறுத்தாதீர்கள். சொட்டுநீர் போட்டிருக்கிறாரா, என்ன உரம் வைக்கிறார், எந்த மருந்தை எப்போது கடைசியாக அடித்தார், விற்காமல் மிஞ்சுவதை என்ன செய்கிறார் என்றெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன். 2015-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, அறுவடைக்குப் பின் தக்காளியில் மட்டும் சுமார் 12 சதவீதம் வீணாகிறது. காலையில் பறித்ததை மாலையில் உங்கள் வாசலில் இறக்கும் முறையின் உண்மையான பலம் இந்த இழப்பைக் குறைப்பதில் இருக்கிறது.

அடுத்தது பணம். நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு என்று ரிசர்வ் வங்கியின் 2024 ஆய்வுத் தாள் சொல்கிறது. மீதி முழுவதையும் தரகர் விழுங்குவதாக நினைப்பது தவறு. கமிஷனும் கழிவும் இருக்கின்றன. ஆனால் ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை, கடைக்காரரிடம் அழுகிப்போவது எல்லாமே அதற்குள் அடக்கம். தரகரை நீக்கினால் இந்த வேலைகள் மறைவதில்லை, விவசாயி தலையில் ஏறுகின்றன. தரம் பிரிப்பது, எடை போடுவது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது, பாக்கி வசூலிப்பது எல்லாம் அவரோ அவர் வீட்டம்மாவோ செய்தாக வேண்டும். வண்டிக்கும் இரண்டு ஆளுக்கும் ஒரு நடைக்கு 2,400 ரூபாய் என்று வைத்தால், 360 கிலோவில் கிலோவுக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. 120 கிலோவில் 20 ரூபாய். பல முயற்சிகள் நின்றுபோவது இந்த இடத்தில்தான். முதல் மாதம் எல்லா வீடும் வாங்கும், பிறகு பாதி வீடு கழன்றுகொள்ளும், கடைசியில் அவர் டீசலுக்கே உழைப்பார். அதனால் காய் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று முன்பணம் வாங்கிவிடுங்கள். 40 வீடாவது உறுதியாகச் சேராவிட்டால், அருகில் உள்ள இன்னொரு குடியிருப்பையும் அதே நடையில் இணையுங்கள்.

விலையை வாராவாரம் பேசாதீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. வேறு சில மாதங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். விலை ஏறும்போது விவசாயிக்கு மண்டி ஆசை வரும்; இறங்கும்போது உங்களுக்குத் தெருமுனைக் கடை ஆசை வரும். மூன்று மாதத்துக்கு ஒரே விலை பேசி எழுதிக்கொள்ளுங்கள். மதுரையில் 1999 நவம்பர் 14 அன்று தொடங்கிய உழவர் சந்தை முறையில் மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் விலை வைக்கிறார்கள். ஆர்.எஸ்.புரம் அல்லது சிங்காநல்லூர் சந்தையின் விலைப்பலகையைச் சில வாரம் குறித்துவைத்தால் நியாயமான சராசரி கிடைக்கும்.

எதை வாங்குவது என்பதையும் அவர் தோட்டமே தீர்மானிக்கட்டும். கத்தரி, வெண்டை, பீர்க்கன், சுரை, சின்ன வெங்காயம், கீரை என்று அவரிடம் இருப்பது வரட்டும். கேரட்டும் பெரிய வெங்காயமும் வேண்டும் என்று நெருக்கினால் அவர் மண்டியில் வாங்கித் தன் காய் என்று கொடுக்க ஆரம்பிப்பார். ஜப்பானில் 1970களில் வளர்ந்த ‘தெய்கெய்’ முறையில், பேசிவைத்தபடி விளைந்த முழுவதையும் உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்வது ஒரு கொள்கை. கோணலான வெள்ளரியும் அதில் அடங்கும். நம் ஊருக்கும் இது தேவை.

மற்றவை சின்ன விஷயங்கள். விவசாயி தன் விளைச்சலை அப்படியே விற்க உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டாம். எண்ணெய், ஊறுகாய் கொண்டுவந்தால் பதிவு தேவை. பிளாஸ்டிக் பைக்குப் பதில் வாராவாரம் திரும்பிப் போகும் டிப்பர் எனும் காய்கறிப் பெட்டிகள் போதும். திரும்பும் வண்டி காலியாகப் போவானேன்? பிரித்துவைத்த சமையலறைக் கழிவு அவருக்கு உரமாகுமா என்று கேளுங்கள்.

உங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய் விற்கும் அம்மாவையும் விட்டுவிடாதீர்கள். வாரத்தின் மற்ற நாட்களில் தேவைப்படுவதை அவரிடமே வாங்கலாம். விவசாயி கொண்டுவந்ததில் மிஞ்சினால் அன்றே எடுத்துக்கொள்வாரா என்று அவரைக் கேட்டுவையுங்கள்.

விவசாயியிடம் பேச நல்ல நேரம் ஆடிப்பட்டத்துக்கு முன்பு. எத்தனை வீடு, வாரம் எத்தனை கிலோ, எந்தெந்தக் காய் என்று அவர் விதைக்கும் முன்பே தெரிந்தால், எல்லாப் பாத்தியும் ஒரே வாரத்தில் காய்க்காதபடி இடைவெளி விட்டு நடவு செய்ய அவரால் முடியும்.