குளக்கட்டின் அடியில் கசியும் நீர்

கேள்வி: வெலிமடைக்கு அருகே 3 ஏக்கரில் மரக்கறி பயிரிடுகிறோம். 30 வருடங்களுக்கு முன் அப்பா ஓடையை மறித்து அமைத்த குளத்தின் மண்கட்டு ஏறத்தாழ 12 அடி உயரம். கடந்த மழைக்குப் பிறகு கட்டின் வெளிப்புற அடியில் நீர் கசிகிறது. களிமண் வைத்து அடைத்துவிடலாமா? கட்டின் மேல் நிற்கும் பெரிய யூக்கலிப்டஸ் மரத்தை வெட்டலாமா? கீழே எட்டுக் குடும்பங்கள் வாழும் லயம் இருக்கிறது.
– வாசகர், வெலிமடை

பதில்: வெளிப்புறத்தில் களிமண் வைத்து அடைக்கவே வேண்டாம். எந்த மண்கட்டிலும் சிறிது நீர் கசியும். அதற்கு வழியில்லாமல் செய்தால், அது உள்ளேயே தேங்கி மண்ணை ஊறவைத்துச் சரிவை நழுவச் செய்யும், அல்லது வேறோர் இடத்தைத் துளைத்துக்கொண்டு வெளிவரும்.

கசிவின் அளவைவிட அதன் நிறமே முக்கியம். கண்ணாடிப் போத்தலில் அந்த நீரைப் பிடித்து ஒரு மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால், கட்டின் உள்மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். நீர் ஊறும் வாயைச் சுற்றி எறும்புப் புற்றைப் போல நுண்மணல் குவிந்திருந்தாலும் அப்படித்தான். நீர் தெளிவாக இருந்தால், அந்த இடத்தின் மேல் கழுவிய மணல், அதன் மேல் சல்லி, அதற்கும் மேல் கருங்கல் எனப் பரப்புங்கள். நீர் வெளியேறும், மண் தங்கிவிடும்.

கலங்கலாக வந்தால் தாமதிக்காமல் அன்றே லயத்திலுள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளத்தின் மண்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உங்கள் குளம் அதன் முன் மிகச் சிறியதுதான், ஆனாலும் மலைச்சரிவில் இறங்கும் நீர் மண்ணையும் கல்லையும் சேர்த்துக்கொண்டே வரும் என்பதால் எட்டு வீடுகளுக்கு அதுவே போதும். குளத்து நீரைக் குறைக்க வேண்டும், ஆனால் மெதுவாக. ஒரே நாளில் வடித்தால், நனைந்து கனத்த உட்சரிவு தாங்கும் நீரை இழந்து சரிந்துவிடும்.

மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டுவைப்பதும் ஆபத்துதான், ஏனெனில் சில வருடங்களில் வேர் உக்கிப்போய், அது ஓடிய வழியெல்லாம் குழாய் போலாகிவிடும். குளத்தை வற்றவைத்து, வேரோடு தோண்டியெடுத்து, அந்தக் குழியை அரை அடிக்கு ஒரு முறை இடித்து இறுக்கியபடி மண்ணால் நிரப்புங்கள். பொறியியலாளர் ஒருவர் அருகில் நிற்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கமநல சேவை நிலையத்தில் முதலில் விசாரியுங்கள்.

குளத்தில் மிகையாகும் நீர் வழிந்தோடும் வாயிலான வானைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கசிவைப் போலவே, நீர் கட்டின் மேலாக வழிந்தும் மண்கட்டுகள் உடைகின்றன. ஐப்பசி மழைக்கு முன் வானைத் துப்புரவாக்குங்கள். மீன் தப்பாமலிருக்க அங்கே வலை கட்டியிருந்தால் இன்றே அகற்றிவிடுங்கள், இலைதழை சேர்ந்து அதுவே அடைப்பாகிவிடும்.