வாயசைப்பும் பெயரும்

அன்புள்ள ஐயா,

டிஸ்கோ பாடகிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மார்த்தா வாஷ், லொலீட்டா ஹாலவே இருவரின் குரலுக்கும் வேறு பெண்கள் வாயசைத்ததைப் பெரிய அநியாயம் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. நம் சினிமாவில் காலம் காலமாக ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கிறார். அதை யாரும் குற்றம் சொல்வதில்லையே? தவிர, டிஸ்கோ என்பதே தாளத்துக்கான இசை. ஆடுகிறவருக்குப் பாடகி யாராக இருந்தால் என்ன?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் கேள்வியை நான் அந்தக் கட்டுரையிலேயே எடுத்துப் பேசியிருக்க வேண்டும். தமிழில் இதைப் படிக்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

நான் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன். பாட்டு தொடங்கும் முன் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார். பாடியவர் பி. சுசீலா என்பார். இசையமைத்தவர் பெயரும் வரும். திரையில் யார் வாயசைத்தாலும் குரல் யாருடையது என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பின்னணிப் பாடல் என்ற பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஆனால் இந்தியாவில் அந்த நேர்மையும் தானாக வந்ததல்ல. 1949இல் வெளியான ‘மகல்’ என்ற இந்திப் படத்தின் ‘ஆயேகா ஆனேவாலா’ பாட்டு, இசைத்தட்டில் ‘காமினி’ பாடியதாக அச்சாகியிருந்தது. காமினி படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் அதில் இல்லை. யார் பாடியது என்று நேயர்கள் வானொலி நிலையத்துக்குக் கேட்டு எழுதிய பிறகுதான் அவர் பெயர் பரவியது.

வாயசைப்பை நான் குற்றம் என்று சொல்லவில்லை. பெயரை மறைத்ததைத்தான் சொல்கிறேன்.

லொலீட்டா ஹாலவே சிகாகோவில் 1946இல் பிறந்தவர். தாயார் நடத்திய தேவாலயப் பாடகர் குழுவில் பாடத் தொடங்கி, பிறகு ‘கேரவன்ஸ்’ என்ற புகழ்பெற்ற காஸ்பல் (கிறிஸ்தவப் பக்திப் பாடல்) குழுவில் பாடியவர். 1980இல் டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்த ‘லவ் சென்சேஷன்’ பாட்டை சால்சோல் நிறுவனத்துக்காகப் பாடினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து ‘பிளாக் பாக்ஸ்’ என்ற இத்தாலியக் குழு அந்தக் குரலைத் துண்டு துண்டாக வெட்டி ‘ரைட் ஆன் டைம்’ (Ride on Time) என்ற பாட்டைச் செய்தது. ‘சரியான நேரத்தில் வந்தாய்’ என்ற பொருளில் அவர் ‘right’ என்று பாடியதை, சவாரியைக் குறிக்கும் ‘ride’ என்று தவறாகக் கேட்டு, அந்தத் தவறையே தலைப்பாகவும் வைத்தார்கள். பிரிட்டனில் ஆறு வாரம் அது முதலிடத்தில் இருந்தது. 1989இல் அங்கே அதிகம் விற்ற சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, அதுதான். தொலைக்காட்சியில் வந்து பாடியதாகக் காட்டப்பட்டவர் ஓர் இளம் மாடல். அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தமில்லை, அவரை நிற்கச் சொன்னார்கள், நின்றார். ஆனால் இசைத்தட்டில் ஹாலவேயின் பெயர் எங்குமில்லை. அவர் தரப்பு சட்டத்தை நாடிய பிறகுதான் பணம் வந்தது.

மார்த்தா வாஷுக்கு நடந்தது இன்னும் கொடுமை. அவரும் தேவாலயத்தில் பாடி வந்தவர், சான் பிரான்சிஸ்கோக்காரர். பாடகர் சில்வெஸ்டருக்குப் பின்னணி பாடி, பிறகு இசோரா ஆர்ம்ஸ்டெட்டுடன் சேர்ந்து ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாடியவர். அதே பிளாக் பாக்ஸ் குழு அவரை அழைத்துப் பாடவைத்து, படங்களில் அந்த மாடலையே காட்டியது. அடுத்து ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’ என்ற குழு. ‘எவ்ரிபடி டான்ஸ் நவ்’ என்று கூரை பிளக்கக் கூவும் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது வாஷ். அந்தப் பாட்டு 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது காணொளியில் வாயசைத்தவர் வேறொரு மெலிந்த பெண். வாஷ் பருமனானவர். காரணம் அவ்வளவுதான். முப்பது வருடம் கழித்தும் இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர் வழக்குப் போட்டார், நிறுவனங்கள் சமரசத்துக்கு வந்தன. காணொளியில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பாடியவர் பெயரைப் போடும் வழக்கம் நடன இசையில் இறுகியதற்கு அந்த வழக்குகள் முக்கியக் காரணம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதில் உங்களுடன் முழுதாக முரண்படுகிறேன். டிஸ்கோவின் தாளம் சீரானது. ஒவ்வோர் அடிக்கும் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் விழுந்துகொண்டே இருக்கும், கூடாது குறையாது. அந்தச் சமதரையின் மேல் ஏறி இறங்க வேண்டிய பொறுப்பு முழுக்கக் குரலுடையது. பன்னிரண்டு அங்குலத் தட்டு வந்ததும் ஒரு பாட்டு ஏழெட்டு நிமிடம் ஓடலாம் என்றானது. நடுவில் வயலின்களும் கித்தாரும் நின்றுவிடும். டிரம் மட்டும் ஓடும். அங்கே பாடகி ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறு விதமாக, முன்னதைவிட உயரத்தில் வைப்பார். தேவாலயத்தில் பிறந்த பழக்கம் அது. நம் கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தை அந்தக் கட்டுரையில் எழுத விட்டுப்போயிற்று. வாத்தியங்கள் விலகிப் பாடகிக்கு இடம் கொடுத்த அந்தப் பகுதிகள்தான் பின்னால் திருட வசதியாகவும் அமைந்தன. குரலோடு வேறெதுவும் ஒட்டியிருக்காததால் சாம்ப்ளரில், அதாவது ஒலித்துண்டுகளைப் பதிந்து மறுபடி இசைக்கும் கருவியில், சுத்தமாக வெட்டி எடுக்க முடிந்தது.

ஹாலவேக்கு ஓரளவு நியாயம் 1991இல் கிடைத்தது. மார்க்கி மார்க் குழுவின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டிலும் அதே ‘லவ் சென்சேஷன்’ குரல்தான். ஆனால் இம்முறை தட்டில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. காணொளியைத் தேடிப் பாருங்கள். ஹாலவே தன் குரலுக்குத் தானே வாயசைக்கிறார்.